மூக்கு அறுவைக்கு வெளிநாடு போகலாமா?



மூக்கின் வடிவத்தை மாற்றும் அறுவை சிகிச்சைக்காக சிங்கப்பூரிலிருந்து பேங்காக்கிற்கும் சோலுக்கும் செல்வோர் உண்டு. உங்களில் ஒருவரே அதை யோசிக்கலாம். மகளோ பேரனோ உங்களிடம் யோசனை கேட்கலாம். விமானச் சீட்டு வாங்குமுன் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, இது அழகுக்கான அறுவைதானா? வயது ஏற ஏற மூக்கின் நுனி சற்றுத் தொங்கும். அதனாலோ, மூக்கின் நடுச்சுவர் வளைந்திருப்பதாலோ மூச்சு அடைக்கலாம். அப்படியானால் பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்புவார். அழகுக்காக மட்டும் செய்யும் அறுவைக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்த முடியாது. மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் கிடைக்காது.

இரண்டாவது, நாள்கணக்கு. அறுவை சில மணி நேரத்தில் முடியும். கட்டை எடுக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ரத்தக்கட்டும் பெரும்பகுதி வீக்கமும் வடிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். இறுதி வடிவம் தெரிய ஓராண்டுகூட ஆகலாம். அறுவைக்குப் பிறகு 7 முதல் 10 நாள் வரை விமானம் ஏறாமல் இருப்பது நல்லது. ஐந்தே நாளில் அறுவையும் சுற்றுலாவும் என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கு உதைக்கிறது.

மூன்றாவது, உங்கள் உடல்நிலை. ரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களுக்கு மயக்க மருந்தால் ஆபத்து கூடலாம். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மருந்துகளால் ரத்தக்கசிவு அதிகமாகலாம். அதற்காக அவற்றை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பக்கவாதமோ மாரடைப்போ வரக்கூடும். குடும்ப மருத்துவரைக் கேளுங்கள்.

நான்காவதுதான் மிக முக்கியம். ஊர் திரும்பிய பிறகு சீழ் பிடித்தால் யார் பார்ப்பார்? இங்குள்ள மருத்துவர் உதவுவார். ஆனால் உள்ளே எதை வெட்டினார்கள், எதை வைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வடிவம் சரியாக அமையாவிட்டால் மறுபடியும் பயணம், மறுபடியும் செலவு. புகார் செய்வதானாலும் அந்த நாட்டில்தான் செய்ய வேண்டும். சிங்கப்பூர் மருத்துவ மன்றம் இங்கு பதிவுபெற்ற மருத்துவர்களை மட்டுமே விசாரிக்க முடியும்.

ஆகவே, முன்பணம் கட்டுமுன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

• அறுவை செய்பவரின் பெயர், அந்நாட்டு மருத்துவப் பதிவு என்ன?
• மயக்க மருந்து கொடுப்பவர் அதில் தகுதி பெற்ற மருத்துவரா?
• மறு அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது?
• அறுவைக் குறிப்பை ஆங்கிலத்தில் தருவார்களா?

தெளிவான பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

போய் வந்தவருக்குக் காய்ச்சல், நிற்காத ரத்தக்கசிவு, பார்வை மங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் 995ஐ அழையுங்கள்.

அறுவை ஒரு நாள்; ஆறுவதோ பல மாதம். அந்த மாதங்களுக்கும் வழி செய்துகொண்டு முடிவெடுங்கள்.