ஒட்டுறவும் தரவின் எல்லையும்



ஹியூகோ ரீட்வெல்ட் 1969இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றி, தூள் படிகத்தின் விளிம்பு விளைவுத் தரவுக்குப் பொருந்துமாறு அணுவமைப்பின் அளபுருக்களைச் செம்மையாக்குகிறோம். ஓரிடத்தில் அணு நிரம்பியிருக்கும் விகிதத்துக்கும் அதன் அதிர்வளவுக்கும் ஒட்டுறவுக் கெழு 0.95 என வரலாம். வழக்கில் ஒட்டுறவு என்பது சொந்தத்தைக் குறிக்கும். இங்கோ அவ்விரண்டும் இயற்கையில் உறவுடையன என்று பொருள் கொள்ளலாகாது.

நிரம்பல் குறைந்தால் அவ்வணுவின் பங்கு எல்லாக் கோணங்களிலும் ஒரே விகிதத்தில் குறையும். அதிர்வு மிகுந்தால் உயர்கோணங்களிலேயே பெரிதும் குறையும். குறுகிய கோண எல்லைக்குள் அளந்தால், ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுசெய்துவிடும். அக்கெழு காட்டுவது நம் தரவின் போதாமையையே.

உயர்கோண அளவீட்டையோ நியூட்ரான் தரவையோ சேர்ப்போம். இயலாவிடில், வேதிப் பகுப்பாய்வு தந்த விகிதத்தை நிலையாகக் கொண்டு, அதனை அறிக்கையில் வெளிப்படையாகக் குறிப்பிடுவோம்.