வீட்டு நாய்க்கு ஒரு நடுகல்

வீட்டில் வளர்த்த நாய் செத்துப்போனால் அந்த வீடு சாப்பிடாது. பார்க்கிறவங்க, "ஒரு நாய்க்குப் போய் இவ்வளவு அழுகையா?"ன்னு கேட்பாங்க.

நம்ம ஊர்ல இது புதுசு இல்லீங்க. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர்ல ஒரு நடுகல். 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவனுடைய 34-ஆவது ஆட்சியாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடி உயிர்விட்ட கருந்தேவகத்தி என்கிற வீரனுக்கு எடுத்த கல். கையில் ஆயுதத்தோட அவன் நிற்கிறான். பக்கத்துல அவன் நாய். அதோட பேரு கோவிவன். கள்ளர் இரண்டு பேரைக் கடித்துக் காவல் நின்றதாம். அதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ பெரிய மனுஷங்க பேரு மறைஞ்சுபோச்சு. கோவிவன் பேரு 1,400 வருஷமா நிற்குது!

எங்க தெருவில் ஒருத்தர் நாயைப் பறிகொடுத்துட்டு உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் எழுந்து வந்து வரவேற்கிறது அது ஒண்ணுதான் சார்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் குரல் கொடுத்தாங்க:

"வாலை ஆட்டினது அது. கதவைத் திறந்துவிட்டது யாராம்?"