முதலொலியும் மோனையும்



மொழிநூலில் முதிர்ந்தோரும் பாலர் கல்வியில் பழுத்தோரும் ஒருங்கே குழுமியிருக்கும் இச்சபைக்குத் தலைமை தாங்கும் கௌரவத்தை, யாப்பிலக்கணம் போதித்தே காலங்கழித்த எனக்கு எந்த யோக்கியதை கருதி அளித்தீர்கள் என்று யோசித்தபடியே மேடையேறினேன். கூச்சம் இன்னும் தெளியவில்லை. சொல்லின் முதலொலியை மழலையருக்கு உணர்த்தும் பாட்டு, விளையாட்டு முதலிய உபாயங்களை நீங்களே விஸ்தாரமாக ஆராயப் போகிறீர்களாதலின், நான் நெடுநாளாக என்னை உறுத்தும் ஒரு விவகாரத்துக்கே வந்துவிடுகிறேன்.

நம் அரிச்சுவடிப் படங்களில் இகரத்துக்கு இலையும் உகரத்துக்கு உரலும் வழிவழியாக இடம்பெற்று வருகின்றன. ஆனால் வீட்டிலே குழந்தையின் செவியில் விழுவன 'எலை'யும் 'ஒரலு'ம் அல்லவா? இடையே ஒற்றை மெய்யே நின்று, அடுத்து அகரமோ ஐகாரமோ வருமிடத்தில், முதல் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் நெகிழ்வது நம் பேச்சின் இயல்பு. இடம் 'எடம்' ஆவதும் உலகம் 'ஒலகம்' ஆவதும் அவ்வாறே. படத்தைப் பார்த்து முதலொலி 'எ' என்று விடைசொல்லும் நான்கு வயதுப் பாலகனை, தன் காதை நம்பிய குற்றத்துக்காகத் திருத்துகிறோம்.

இகர ஈகாரங்களோடு எகர ஏகாரங்களையும், உகர ஊகாரங்களோடு ஒகர ஓகாரங்களையும் ஓரினமாக்கி, அவை தம்முள் மோனையாக இயையும் என்று யாப்பிலக்கணத்தார் வகுத்திருப்பதை இங்கே நினைவூட்டுகிறேன். பாலகன் தடுமாறுவதாக நாம் கருதும் அதே எல்லைக்குள், புலவர் செவி ஒற்றுமையைக் கண்டிருக்கிறது! இதை நான் முன்னொருமுறை எழுதியபோது, யாப்பு புலவருக்குரியதேயன்றிப் பாலருக்குரியதன்று என்று நண்பரொருவர் ஒரு சஞ்சிகையிலே மறுத்தார். அவருடைய பாண்டித்தியத்தில் எனக்கு மதிப்புக் குறைவில்லை. ஆயினும் அவர் ஆத்திசூடியை மறந்துவிட்டார். ட, ண, ழ, ற போன்றவை தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா என்பதறிந்து, அவற்றைச் சொல்லின் இரண்டாமிடத்தில் அமைத்தல்லவோ ஔவையார் அந்நூலின் வரிசையை நிரப்பினார்! மொழிமுதல் விதியைப் பாலர்க்கான நூலிலேயே இவ்வளவு சிரத்தையோடு காத்தவரிடம், அது புலவர் சொத்து என்று யார் சொல்லத் துணிவர்?

மேனாட்டு முறையில் 'பட'த்தின் 'ப'வை 'ப்' என்றும் 'அ' என்றும் பிளந்தே தொடங்கவேண்டும் என்று வாதிக்கும் இளைய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 1974இல் அமெரிக்காவில் இசபெல் லிபர்மன் குழுவினர் சோதித்த நான்கு வயதினரில் ஏறக்குறையப் பாதிப்பேர் சொல்லை அசையசையாகத் தட்டிக் காட்டினர். தனியொலிகளாகப் பிரித்தவர் ஒருவருமில்லை. உயிர்மெய்யை ஓரெழுத்தாகவே எழுதும் நம் மொழியில், அவ்வயதுக் குழந்தைக்கு எட்டுகிற 'ப'வை விட்டு எட்டாத 'ப்'பைத் துரத்துவானேன்? அந்தப் பிளவு பிற்பாடு, எழுத்துப் பயிற்சியோடு வரட்டும். அதை நான் ஆட்சேபிக்கவில்லை.

பிற்பகல் அமர்வில் புதிய பாலர் படங்களைப் பரிசீலிக்கவிருக்கும் குழுவினரை ஒன்று கேட்கிறேன். பேச்சிலும் இகரம் பிறழாத இட்லி இருக்கையில் இலை எதற்கு? உகரம் நழுவாத உப்பு இருக்கையில் உரல் எதற்கு? அச்சகத்தில் பழைய அச்சுக்கட்டை கிடக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பின், அதைக் கேட்டுவிட்டே நான் இம்மேடையினின்று இறங்குவேன்.