அவர்களுக்கும் ஒரு பேர்

(சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டி 2024இல் நடைபெற்ற நினைவுக் கூட்டத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



சற்று முன் செயலாளர் 31 பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விளக்கு ஏற்றினோம். கடந்த ஐந்து ஆண்டுகளில் நம்மை விட்டுப் பிரிந்த நம் சகோதரிகள் அவர்கள். பெயர்கள் எல்லாம் மலரில் தனிப் பக்கத்தில் வரும் என்று சொன்னார்கள். அதனால் அவற்றை நான் மீண்டும் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் அவர்களை எப்படிக் கூப்பிட்டோமோ அப்படியே சிலரை நினைத்துப் பார்க்கிறேன்.

முதலில் நம் கணக்கு டீச்சர். அவரும் இங்கே படித்தவர்தான், பிறகு இங்கேயே கற்பித்தார். வட்டம் படிப்பிக்கும் நாளில் எங்களை வகுப்பில் வைக்கமாட்டார். தெமோதரை ஸ்டேசனுக்குக் கூட்டிப் போவார். எல்லவிலிருந்து வரும் ரயில் அந்த ஸ்டேசனைத் தாண்டி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைவதைக் காட்டுவார். "சரிவு கூடினால் வழியை நீட்டவேணும். நீட்டினாலும் போகிற இடத்துக்குப் போய்ச் சேரலாம். கணக்கும் அப்படித்தான்" என்பார். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். நம் சங்கத்துக்கும் அந்த ரயிலுக்கும் ஒரே வயது. அவர் இருந்திருந்தால் இன்று அந்த நூற்றாண்டைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டிருப்பார்.

அடுத்தது நம் நர்ஸ் அக்கா. அவருடைய லயத்தில் ஓ.எல். சித்தியடைந்த முதல் பெண்பிள்ளை. கொவிட் காலத்தில் ஓய்வுபெறும் வயதிலும் வார்டை விட்டு நகராமல் நின்றார். 2021இல் அதே நோயில் போய்விட்டார். எத்தனையோ பேரின் கடைசி நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர். அவருடைய சாவுக்கு தப்புச் சத்தம் இல்லை, ஒப்பாரி இல்லை, வாய்க்கரிசி போட ஆள் இல்லை. அந்தக் குறை அந்தக் குடும்பத்துக்கு இன்னும் இருக்கிறது. இன்று நாம் இங்கே கூடியிருப்பதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கட்டும்.

அதே ஆண்டில் நம் வகுப்பு முஸ்லிம் தோழி ஒருத்தியையும் இழந்தோம். கொவிட்டில் இறந்தவர்களைப் புதைக்க முடியாது, எரிக்கத்தான் வேண்டும் என்று இந்த நாட்டில் ஏறக்குறைய ஓராண்டு இருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அது நீங்கிய பிறகுதான் அவள் போனாள். ஆனால் பிறந்த ஊர் மண் கிடைக்கவில்லை. மலையிறங்கி, கிழக்கே ஓட்டமாவடி வரை கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். குடும்பத்தில் ஓரிருவர்தான் கூடப் போக முடிந்தது. நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து வகுப்புக்கே பங்கு வைத்தவளுக்கு நாம் ஒரு பிடி மண் போடவில்லை.

பிறகு, கோத்தகிரி அக்கா. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் ஆட்களை எண்ணிப் பிரித்தார்களே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று, அந்தக் கணக்கில் போனவர் அவர். எழுபதுகளில் ஒருநாள் ஒரு தகரப் பெட்டியோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார். நீலகிரியில் குடியேறினார். அங்கேயிருந்து வருஷா வருஷம் சங்கத்துக்குக் கடிதம் போடுவார். "இங்கேயும் தேயிலைதான் தங்கச்சி, மலைதான் வேற" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். பள்ளி மணியின் சத்தம் காதில் கேட்கிறது என்று கடைசிக் கடிதத்தில் எழுதினார்.

இப்படி ஒவ்வொருவரையும் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் இன்று நான் இங்கே எழுந்து நிற்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

அந்த 31 பேரின் பட்டியலைச் செயலாளர் எனக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தார். வாசித்துப் பார்த்தேன். ஆசிரியைகள், நர்ஸ்மார், எழுதுவினைஞர்கள், ஒரு சட்டத்தரணி, வெளிநாட்டில் இருந்தவர்கள். எல்லாரும் நமக்குப் பெருமை சேர்த்தவர்கள். ஆனால் கொழுந்து பறித்தவர் என்று அதில் ஒருவர்கூட இல்லை. நம் பள்ளிக்கூடத்தைச் சுற்றித் தேயிலை மலைகள். நம் வகுப்புகளில் பாதிக்கு மேல் லயத்துப் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேர் எட்டாம் வகுப்போடு கூடை தூக்கப் போனவர்கள். ஐந்து ஆண்டில் அவர்களில் ஒருவர்கூடவா சாகவில்லை?

செயலாளர் மேல் குற்றமில்லை. பட்டியல் சந்தாப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. சந்தா கட்டியவர் சங்கத்து உறுப்பினர், உறுப்பினர் இறந்தால் பட்டியலில் பெயர். நூறு வருஷமாக அப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. நானும் ஆறு வருஷம் இந்தச் சங்கத்தில் பொருளாளராக இருந்தவள். அப்போது எனக்கும் இது தோன்றவில்லை.

எனக்கு இது தோன்றியது கடந்த ஆண்டு, என் வாங்குத் தோழி இறந்த பிறகு. மூன்றாம் வகுப்பிலிருந்து நானும் அவளும் ஒரே வாங்கு. அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தமிழ் டீச்சர் அவளைத்தான் கரும்பலகையில் எழுதச் சொல்வார். 1974 வந்தது. அந்தப் பஞ்சத்தை இங்கே இருக்கும் மூத்தவர்கள் அறிவார்கள். பாணுக்கு விடிய விடிய வரிசை. தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்குக்கும் வழியில்லாமல் சனம் செத்த காலம். அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்தார். ஒரு திங்கட்கிழமை வாங்கில் அவளுடைய இடம் காலியாக இருந்தது. செக்ரோலில் அவள் பெயர் ஏறிவிட்டது என்று சொன்னார்கள். அப்போது எங்களுக்குப் பதின்மூன்று வயது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் இந்த மலரை வாசிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு சொல்லை விளக்குகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு "பேர்" என்றுதான் சொல்வார்கள். முழுநாள் வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். வேலையை விட்டு நிறுத்தினால் பேரை வெட்டிவிட்டார்கள் என்பார்கள். "இந்த மாசம் எத்தன பேரு?" என்று கேட்டால், எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். என் தோழி நாற்பது வருஷத்துக்கு மேல் படங்கைக் கட்டிக்கொண்டு, மழையிலும் அட்டைக்கடியிலும் அப்படிப் பேர் போட்டவள். ஆனால் அவளுடைய பெயர் நம் பட்டியலில் இல்லை.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியையாகி முதல் வருஷம். எல்ல சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், புதுச் சேலையோடு. எதிரே நாலைந்து பெண்கள் கூடையோடு வருகிறார்கள். அதில் அவளும் இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் பக்கத்தில் என்னோடு படிப்பிக்கிற ஆசிரியைகள் நின்றார்கள். பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். யன்னலால்கூடக் கையசைக்கவில்லை. அதன் பிறகு பலமுறை பேசியிருக்கிறோம், அவளும் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் நான் அதை மறக்கவில்லை.

அவள் இறந்த செய்தி எனக்கு மூன்று மாதம் கழித்து, கோயில் திருவிழாவில் வைத்துத்தான் தெரிந்தது. அவளுடைய லயத்துக்குப் போனேன். மகள் சாயத்தண்ணி தந்தாள். அங்கே நான் கேட்டவை எனக்கு முன்பு தெரியாதவை. அந்த லயத்துக்கு வந்த கடிதங்களையெல்லாம் வாசித்துச் சொன்னது அவள்தான். அடையாள அட்டைக்கும், வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களின் பாஸ்போர்ட்டுக்கும் படிவம் நிரப்பியது அவள்தான். 1948இல் பறிபோன குடியுரிமையில் எஞ்சியிருந்தவர்களுக்கும் 2003இல் சட்டம் வந்தபோது, எழுதத் தெரியாதவர்களுக்கு ராத்திரியில் குப்பி விளக்கில் எழுதிக் கொடுத்ததும் அவள்தான். "பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில பேர் பிழைச்சா ஆயுசுக்கும் அலைச்சல்" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதுவாளாம். இந்தப் பள்ளிக்கூடம் கொடுத்த அந்தக் கையெழுத்து வீணாகவில்லை. நம்மில் எத்தனை பேர் படித்த படிப்பை இவ்வளவு பேருக்குப் பங்கு வைத்திருக்கிறோம்?

பெயர் பிழைத்தால் என்ன, விடுபட்டால் என்ன என்று யாரும் கேட்கக்கூடும். நம் மாவட்டத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. வருகிற ஒக்டோபர் 29ஆம் திகதியோடு கொஸ்லந்தை, மீரியபெத்தை மண்சரிவு நடந்து பத்து வருஷம். அந்த மலை சரியக்கூடும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் சனங்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். 2014இல் அந்தக் காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். உள்ளே எத்தனை பேர்? முதல் நாள் முந்நூறு வரை என்றார்கள். பிறகு இருநூறுக்குக் கிட்ட, பிறகு நூறு, கடைசியில் ஐம்பதுக்கும் குறைவு என்று வந்து நின்றது. தொகை குறைந்ததில் எல்லாருக்கும் ஆறுதல்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எந்தக் காம்பராவில் யார் யார் இருந்தார்கள் என்று உடனே சொல்ல ஒரு சரியான இடாப்பு யார் கையிலும் இருக்கவில்லை. பூனாகலையிலும் கொஸ்லந்தையிலும் பாடசாலைகளில் தங்கியிருந்தவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் கணக்குத் தெளிந்தது. சிலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து மாகல்தெனியவில் புது வீடுகள் வந்தன. ஆனால் மண்ணுக்குள் இருப்பவர்களுக்கு மிஞ்சியது பெயர் மட்டும்தான். அதையாவது யாராவது சரியாக எழுதி வைக்கவேண்டாமா?

ஊவா மண்ணில் பிறந்த தெளிவத்தை ஜோசப் அவர்கள் 2022 ஒக்டோபரில் காலமானார். தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். தான் எழுதியது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த மற்றவர்களின் கதைகளையும் தேடியெடுத்துத் தொகுத்தார், மலையகச் சிறுகதை வரலாற்றையும் எழுதினார். சிதறியதைப் பொறுக்கிச் சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

லயத்தில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மரண உதவிச் சங்கம் காசு சேர்க்கும். ஆள் ஆளுக்கு விறகு, அரிசி, தேயிலை கொண்டுவருவார்கள். செத்தவர் என்ன படித்தார், என்ன உத்தியோகம் என்று யாரும் கேட்பதில்லை. நம் லயத்து ஆள், அவ்வளவுதான். படித்த நாம் நடத்தும் சங்கம் அந்த அளவுக்காவது பெருந்தன்மையாக இருக்கவேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அதிபர் அவர்களின் அனுமதியோடு பழைய சேர்வு இடாப்புகளைப் பார்த்தேன். ஓரம் செல்லரித்திருந்தாலும் எழுத்துத் தெரிகிறது. பெயர், தகப்பன் பெயர், தோட்டம், டிவிசன், விலகிய திகதி, காரணம். காரணம் என்ற இடத்தில் "வேலைக்குச் சென்றார்" என்றும் "இந்தியா சென்றார்" என்றும் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த இடாப்பில் பெயர் ஏறிய ஒவ்வொருவரும் நம் பழைய மாணவிதான். இனி நம் நினைவுப் பட்டியல் சந்தாப் புத்தகத்திலிருந்து வேண்டாம், சேர்வு இடாப்பிலிருந்து வரட்டும்.

மண்டபத்தின் பின்பக்கம் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். உங்கள் வாங்கில் இருந்து இடையில் நின்றுபோனவளின் பெயரை, தோட்டத்தின் பெயரோடு எழுதுங்கள். உயிரோடு இருந்தால் அதையும் எழுதுங்கள், முதலில் போய்ப் பார்ப்போம். நமுனுகுலை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளை என்று எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி. தூர நாட்டிலிருந்து இதை வாசிக்கும் சகோதரிகளே, கோத்தகிரியிலும் கூடலூரிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருப்பவர்களே, உங்களுக்கு ஞாபகத்தில் இருப்பது ஒரு பட்டப்பெயராக இருந்தாலும் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். இடாப்போடு ஒப்பிட்டுச் சரியான பெயரை நாங்கள் கண்டுபிடிப்போம்.

என் தோழியின் பெயரை நான் இதுவரை சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. பழகிய பாசத்துக்காக நான் சொல்கிற பெயராக அது இருக்கக்கூடாது. மற்ற 31 பேருக்கும் கிடைத்த அதே மரியாதையோடு, சங்கத்தின் பட்டியலிலிருந்து, செயலாளரின் வாயால் அது வரவேண்டும். தலைவி அவர்கள் இன்று காலையில் அதற்குச் சம்மதம் தந்தார். சேர்வு இடாப்பில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய மகள் முன் வரிசையில் இருக்கிறாள். விளக்கை அவள் ஏற்றுவாள்.

எல்லாரும் எழுந்து நிற்போம். செயலாளர் அவர்களே, முப்பத்திரண்டாவது பெயரை வாசியுங்கள்.