தலைமை ஓர் அமானிதம்



படைவீரர் நிர்வாகியாவது நம் ஊவா மண்ணுக்குப் புதிதன்று. பதுளையின் உதவி அரசாங்க அதிபராக விளங்கிய மேஜர் ரோஜர்ஸ், இலங்கை ரைபிள் படையின் அதிகாரி. 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மரணமானார். வீதிகள் அமைத்தவர் அவர். எனினும் அவர் பெயரைச் சொல்வோர் பெரும்பாலும் அவர் சுட்ட யானைகளின் எண்ணிக்கையையே பேசுகின்றனர். அதே படையில் பணியாற்றிய மலாய் முஸ்லிம் வீரர்களோ, 1873இல் அப்படை கலைக்கப்பட்டபின் பொலிஸ் சேவையிலும் தோட்டங்களிலும் புதுவாழ்வு தேடினர்.

ஆயுதத்தைக் கீழே வைத்த மனிதர் எதனை விட்டுச் செல்கிறார்? இக்கேள்விக்கு விடையாக ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்களின் வாழ்வை நோக்குவோம்.

இளவயதிலேயே இஸ்லாத்தைத் தழுவியவர் அவர். அல்லாஹ்வின் பாதையில் முதல் அம்பை எய்தவர். கி.பி. 636 அளவில் காதிஸிய்யாப் போரில் பாரசீகப் பெரும்படையை வென்ற தளபதியும் அவரே. அப்போரின்போது நோயினால் குதிரையேற இயலாதிருந்த அவர், உயரமான கட்டடத்திலிருந்து கட்டளைகளை அனுப்பியே படையை நடத்தினார் என வரலாறு கூறுகிறது. பின்னர் கூபா நகரை அமைத்து, அதன் ஆளுநரானார்.

அங்கே சந்தையின் இரைச்சல் மிகுதியாயிருந்தமையால், தம் மாளிகைக்கு ஒரு கதவை அமைத்தார். அக்கதவு மக்களைத் தடுக்கிறது என்ற செய்தி மதீனாவை எட்டியது. கலீபா உமர் (ரழி) அவர்கள் முஹம்மத் இப்னு மஸ்லமா (ரழி) அவர்களை அனுப்பி அதனை எரித்துவிடச் செய்தார்கள்.

தோட்டப்புறத்தை அறிந்த நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். மேட்டிலே துரையின் பங்களா, பள்ளத்திலே லயம், இடையிலே கணக்கப்பிள்ளையும் கங்காணியும். கீழிருப்பவரின் முறைப்பாடு மேலே சென்று சேர்வது எத்துணை கடினம்! வெற்றி வீரரேயாயினும் அவருக்கும் மக்களுக்கும் இடையே கதவு நிற்கலாகாது என்பதே உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பு.

சோதனை அத்துடன் நிற்கவில்லை. ஸஅத் (ரழி) அவர்களுக்குத் தொழுவிக்கக்கூடத் தெரியவில்லை என்று கூபாவாசிகள் முறையிட்டனர். கலீபா பள்ளிவாசல் பள்ளிவாசலாக விசாரிக்கச் செய்தார்கள். ஒரேயொருவரைத் தவிர அனைவரும் அவரைப் புகழ்ந்தனர். ஆயினும் பதவி மாற்றப்பட்டது. அவர் கலகம் செய்யவில்லை, கட்சி சேர்க்கவுமில்லை. பிற்காலத்தில் உமர் (ரழி) அவர்கள் மரணத் தறுவாயில், அடுத்த கலீபாவைத் தெரிவு செய்யும் அறுவருள் ஸஅதையும் நியமித்தார்கள். திறமைக் குறைவுக்காகவோ மோசடிக்காகவோ தாம் அவரை நீக்கவில்லை என்றும், தலைமை யாருக்குச் சென்றாலும் அவர் ஸஅதின் உதவியைப் பெற வேண்டும் என்றும் உபதேசித்தார்கள். பதவி போனாலும் நம்பிக்கை நிலைத்தது!

இன்னுமொன்று. நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒரு பிரார்த்தனையை, ஆசிரியர் மாணவருக்கு எழுத்துப் பழக்குவது போன்று அவர் தம் மக்களுக்குப் பழக்கினார் என புஹாரியில் பதிவாகியுள்ளது. அப்பிரார்த்தனை கோழைத்தனத்திலிருந்து பாதுகாப்புத் தேடுவதாகும். படைகளை நடத்திய வீரரே அதனைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். வீரம் பிறவிச் சொத்தன்று, கேட்டுப் பெறும் அருள் என்பது இதனால் புலனாகிறது.

அன்பர்களே! இராணுவத்திலும் பொலிசிலும் அரச பணியிலும் இருந்து ஓய்வுபெற்றோர் நம்மிடையே உள்ளனர். பதுளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் கடைகளை நடத்தும் முதலாளிமாரும் உள்ளனர். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வழி தெரியாது வீட்டிலிருக்கும் பிள்ளைகளும் உள்ளனர். இவர்களை இணைப்பது யார் பொறுப்பு?

முதலாளிமாரே! உங்கள் கடைப் பையனைச் சாமான் தூக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். கொள்முதலையும் கணக்கையும் வங்கி அலுவலையும் கற்றுக்கொடுங்கள். அவன் லயத்திலிருந்து வந்த பிற சமயத்துப் பிள்ளையாயினும் கற்றுக்கொடுங்கள். பெற்றோரே! பிள்ளையைத் திருத்தும் மூத்தவர் மீது கோபம் கொள்ளாதீர்கள். வாலிபர்களே! கட்டளையிடும் ஆசைக்கு முன், பணிந்து பழகும் பொறுமையைத் தேடுங்கள்.

நம் ஒவ்வொருவருக்கும் ஒரு கதவு உண்டு. அதனைத் திறந்து வைத்திருக்கும் மனத்தையும், நமக்குப் பின் நிற்கத்தக்க மனிதரை உருவாக்கும் பாக்கியத்தையும் வல்லவன் அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.