ஒரு சொல்லும் ஒரு தீர்ப்பும்



ஆங்கில நாவல்களை வாசிப்போர் சந்திக்கும் சொற்களுள் ஒன்று 'ஹாங்டோக்'. ஒருவருடைய தோற்றத்தை வருணிக்கும் பெயரடை அது. தலை கவிழ்ந்து, தோள் தளர்ந்து, எதிரே நிற்பவரின் கண்ணைப் பாராது நிற்பவனை அது குறிக்கும். குற்றம் செய்து குறுகி நிற்பவன் என்றும் கொள்ளலாம். மனமுடைந்து நிற்பவன் என்றும் கொள்ளலாம்.

'ஹாங்' என்றால் தூக்கிலிடுதல். 'டோக்' என்றால் நாய். 17ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தபோது இது ஒரு வசைப்பெயர். நாயைத் தூக்கிலிடுவதற்கே லாயக்கானவன், அல்லது நாயைப் போலத் தூக்கில் தொங்கவேண்டியவன் என இருவிதமாய்ப் பொருள் கூறுவர்.

விலங்கையும் தூக்கிலிடுவார்களா என்று நீங்கள் வியக்கலாம். ஐரோப்பாவில் அது நடந்திருக்கிறது. 1386இல் பிரான்சின் ஃபலேஸ் நகரில், ஒரு குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காகப் பெண்பன்றியொன்று தூக்கிலிடப்பட்டது. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்திலும், மனிதரைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட ஓநாயின் ஆவியே ஷைலொக்கினுள் புகுந்தது என்று கிராஷியானோ ஏசுகிறான்.

காலப்போக்கில் வசை தேய்ந்தது; முகத்தோற்றம் மட்டும் எஞ்சியது. ஆயினும் அந்த முகத்தைக் கண்டதும் 'இவன்தான் செய்திருப்பான்' என்று எண்ணும் பழக்கம் நம்மை விட்டபாடில்லை.

அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே நினைவுகூரத் தக்கது. தின்னக்கூடாது என்று விலக்கிய தீனியை நாய் தின்றுவிட்டதாக உரிமையாளரிடம் கூறினார்கள். சில வேளை அது உண்மை. சில வேளை பொய். 14 நாய்களை அவதானித்ததில், 'குற்றவாளி முகம்' தோன்றியது தின்றதனால் அன்று, ஏச்சு விழுந்ததனால் என்று தெரிந்தது. தின்னாமலே ஏச்சு வாங்கிய நாய்களிடத்தில் அது இன்னும் கூடுதலாகவே காணப்பட்டது.

உள்ளத்தைக் காட்டும் முகத்துக்குப் பளிங்கை உவமை சொன்னார் வள்ளுவர். அந்தப் பளிங்கு காட்டுவது நெஞ்சின் நிலையை; கை செய்த செயலை அன்று. அச்சமும் நாணமும் துயரும் குற்றமற்றவர் நெஞ்சிலும் உண்டல்லவா?

இச்சொல்லைத் தமிழாக்குவோருக்கு உள்ள சங்கடமும் இதுவே. 'கள்ள முழி' என்று எழுதினால் பாத்திரத்தைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். 'வாடிய முகம்' என்றால் குற்றத்தின் நிழலையே துடைத்துவிடுகிறோம். ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் விட்ட இடத்தில், மொழிபெயர்ப்பாளர் நீதிபதியாகிவிடுகிறார்.

'தலை கவிழ்ந்து நின்றான்' என்று எழுதுவதே நேர்மை என்பது என் கருத்து. கண்டதை மட்டும் அது சொல்கிறது. மீதியைக் கதை சொல்லட்டும். வகுப்பறையிலும் விசாரணைக் கூடத்திலும் தலைகுனிந்து நிற்பவர்கள் பலர். அவர்களுடைய முகத்தை வாசிப்பவர்கள், அவர்களுடைய கதையையும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.