பாட்டர்ஸி அனுப்பிய பம்பாய்க்காரர்

(ஈக்காட்டுத்தாங்கல் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து நேராக வந்திருக்கிறீர்கள். கையில் எண்ணெய்க் கறைகூடப் போகவில்லை. ஆகவே நீட்டி முழக்காமல் ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறோம். அவர் பெயர் ஷாபூர்ஜி சக்லத்வாலா.

1874-ல் பம்பாயில் பிறந்த பார்சி. முதலாளி ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் தங்கை மகன். மாமன் கம்பெனிக்காக இரும்புத் தாது தேடிக் காடுமேடு அலைந்தவர். 1905-ல் சீமைக்குப் போனார். அங்கே தொழிலாளி படும் பாட்டைக் கண்டார், அவர்கள் பக்கம் சேர்ந்தார், கம்யூனிஸ்ட் ஆனார்.

லண்டனில் பாட்டர்ஸி என்று ஒரு தொழிலாளர் வட்டாரம். 1922-ல் வடக்கு பாட்டர்ஸியில் லேபர் கட்சி வேட்பாளராக நின்ற இவரை அவர்கள் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். இவருடைய தேர்தல் ஏஜெண்ட் ஜான் ஆர்ச்சர், ஒரு கறுப்பர். 1913-லேயே அவரை மேயராக்கிய ஊர் அது! 1923-ல் சக்லத்வாலா தோற்றார். 1924-ல் கம்யூனிஸ்டாகவே நின்று 542 வாக்கில் ஜெயித்தார்.

பார்லிமெண்டில் என்ன பேசினார்? கல்கத்தா சணல் ஆலையில் கூலி அடிமட்டத்தில் கிடக்கிற வரை, ஸ்காட்லாந்தில் டண்டி நகரத்துச் சணல் தொழிலாளிக்கும் விடிவில்லை என்றார். இருவர் வயிற்றிலும் அடிப்பவன் ஒருவனே அல்லவா?

1926 மே தினத்தன்று, பொது வேலைநிறுத்தம் தொடங்கவிருந்த வேளையில், தொழிலாளியைச் சுடாதே என்று சிப்பாய்களைக் கேட்டுக்கொண்டார். நன்னடத்தை ஜாமீன் கொடு என்றது கோர்ட்டு. மறுத்தார். இரண்டு மாதம் ஜெயில்!

1927-ல் இந்தியா வந்தார், சென்னைக்கும் வந்தார். காந்தியாரோடு பகிரங்கமாகவே வாதாடினார். அவர் திரும்பிப் போனதும், இனி இந்தியாவுக்குள் கால் வைக்கக் கூடாது என்று தடை போட்டது வெள்ளைக்காரச் சர்க்கார். பிரிட்டிஷ் பார்லிமெண்ட் மெம்பருக்குப் பிறந்த மண்ணில் இடமில்லை! 1929-ல் தேர்தலில் தோற்றார். 1936-ல் லண்டனில் மறைந்தார். தடைக்குப் பின் தாய்நாட்டை அவர் பார்க்கவே இல்லை.

இந்தக் கதையை இன்று ஏன் சொல்கிறோம்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் பக்கத்தில் நிற்கும் காண்டிராக்ட் தொழிலாளியை, "நம் கூலியைக் கெடுக்க வந்தவன்" என்று நம்மில் சிலரே ஏசுகிறோம். கூலியைக் கெடுப்பவன் அவனா? அவனுக்குக் குறைத்துக் கொடுப்பவன் அல்லவா?

நாளை சாப்பாட்டு வேளையில் அவன் அருகே உட்காருங்கள். அவன் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் கூலி எவ்வளவு என்று சொல்லுங்கள். சங்கம் அங்கேதான் தொடங்குகிறது. நூறு ஆண்டுக்கு முன்பே பாட்டர்ஸித் தொழிலாளிக்குத் தெரிந்தது, ஈக்காட்டுத்தாங்கல் தொழிலாளிக்குத் தெரியாதா, தோழர்களே?